கிளாரினெட் பேச மறுக்கும்போது

பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் 6 ஆண்டுகள் கிளாரினெட் வாசித்தவன் நான். அதற்குப் பின் படிப்பு, வேலை, குடும்பம் என்று 22 ஆண்டுகள் பெட்டி பரண்மேலேயே கிடந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அதை இறக்கித் துடைத்து, ஓர் ஆசிரியரிடம் வாரம் ஒரு பாடம் என்று மீண்டும் தொடங்கினேன். அன்று முதல் எனக்கு வந்த கோளாறுகளையும், என்னோடு படிக்கும் புதியவர்களுக்கு வருகிறவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். அதைத்தான் இங்கே அறிகுறிவாரியாகத் தருகிறேன். வகுப்புகளில் பெரும்பாலும் பார்க்கிற, போம் முறை எனப்படும் கீ (துளைகளைத் திறந்து மூடும் உலோக நெம்பு) அமைப்புள்ள பி பிளாட் கிளாரினெட்டை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

நோட்டில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: 'கடித்தேன்'. சத்தம் வராவிட்டாலும், கீச்சிட்டாலும், சுருதி இறங்கினாலும் உடனே நம் தாடை இறுகி, வாயில் வைக்கும் பகுதியான மவுத்பீஸைக் கடித்துவிடுகிறது. கடித்ததும், அதில் பொருத்தியிருக்கும் மெல்லிய தகடான ரீடு மவுத்பீஸோடு நெருங்கிப்போய், அதிர இடமில்லாமல் தவிக்கிறது. பழைய கோளாறு அப்படியே இருக்க, அதன் தலைமேல் புதிதாக ஒன்று ஏறி உட்காருகிறது. எது எதனால் வந்தது என்று பிறகு பிரித்தறிவது கடினம். ஆகவே எந்த அறிகுறி தோன்றினாலும் முதலில் ரீடு, அடுத்து வாத்தியம், அப்புறம் விரல், அதன்பின் மூச்சு என்ற வரிசையில்தான் பார்க்கிறேன். இவை நான்கையும் பார்த்து முடிக்கும்வரை உதட்டில் கை வைப்பதில்லை.

ஊதினால் வெறும் காற்றுதான் வருகிறது

வாத்தியம் முழுவதையும் பூட்டிக்கொண்டு போராட வேண்டாம். மவுத்பீஸையும் அதற்கு அடுத்த சிறு குழலான பேரலையும் மட்டும் சேர்த்து ஊதுங்கள். ட்யூனர் செயலியில் எஃப் ஷார்ப்பை ஒட்டி ஒரு ஸ்வரம் ஆடாமல் நின்றால் ரீடு, உதடு, மூச்சு மூன்றும் சரி. கோளாறு கீழே குழலில் இருக்கிறது. எஃப் பக்கம் தொங்கினால் உதட்டோரங்கள் தளர்ந்திருக்கின்றன. ஜி பக்கம் ஏறினால் கடிக்கிறீர்கள். சத்தமே இல்லை என்றால் ரீடைப் பாருங்கள். புதியவர்களுக்கு இவ்வளவு விரைவாக விடை சொல்லும் சோதனை வேறொன்றை நான் கண்டதில்லை.

ரீடு ஒரு நாணல் துண்டு. காய்ந்திருக்கும்போது அதன் நுனி பொரித்த அப்பளத்தின் ஓரம்போல நெளிந்திருக்கும். ஒன்றிரண்டு நிமிடம் தண்ணீரிலோ வாயிலோ ஊறினால் நெளிவு படிந்துவிடும். பிறகு மவுத்பீஸில் பொருத்தி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். ரீடின் நுனிக்கு மேலே மவுத்பீஸின் கருப்பு ஒரு மயிரிழை அளவு தெரிந்தால் போதும். அதற்கும் கீழே இறங்கினால் சத்தம் மெலியும், கீச்சும் வரும். மேலே நீட்டிக்கொண்டிருந்தால் ஊதவே கனமாக இருக்கும், நுனியும் சீக்கிரம் உடையும். ரீடை மவுத்பீஸோடு பிடித்துவைக்கும் பட்டையான லிகேச்சரின் திருகுகள் வழுக்காத அளவுக்கு இறுகினால் போதும்.

ரீடின் கனம் அடுத்தது. புதியவருக்கு 2 அல்லது 2½. பெட்டியில் இருக்கும் எண் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றல்ல; வாண்டோரன் நீலப்பெட்டியின் 2½, ரிகோ ஆரஞ்சுப் பெட்டியின் 2½-ஐவிடக் கடினமானது. இடைவெளிக்குப் பின் திரும்பி வருகிறவர்கள் இதில்தான் இடறுகிறார்கள். நான் பள்ளிக் காலத்தில் வாசித்த 3½ ரீடு பெட்டியில் இருந்தது. 'இதைத்தானே வாசித்தேன்' என்று அதையே மாட்டி, இரண்டு வாரம் தலைவலியோடு ஊதினேன். ஆசிரியர் 2½ ரீடு ஒன்றைக் கையில் கொடுத்தார். பத்தே நிமிடத்தில் வாத்தியம் பேசிவிட்டது. முகத் தசைகள் பழைய பலத்தைப் பெற மாதங்கள் ஆகும். அதுவரை எண்ணைக் குறைத்துக்கொள்வதில் இழப்பு எதுவும் இல்லை.

கீச்சென்று கத்துகிறது

எல்லாரையும் மனம் தளரவைக்கும் அறிகுறி இது. இதற்குக் காரணம் ஒன்றல்ல என்பதால் கொஞ்சம் பொறுமையாகவே பார்க்க வேண்டும்.

எப்போது கீச்சிடுகிறது என்று கவனியுங்கள். எந்த ஸ்வரத்திலும், எந்த நேரமும் கீச்சிட்டால் சந்தேகம் முதலில் ரீடின் மேல். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: நடுவில் இருட்டாகவும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளிறிக்கொண்டும் போக வேண்டும். ஒரு பக்கம் கனத்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் அது பிறவிக் கோளாறு. நுனியில் நகக்கண் அளவு சில்லு பெயர்ந்திருந்தால்கூட அந்த ரீடோடு மல்லுக்கட்டாதீர்கள், தூக்கிப் போடுங்கள். நான் நான்கு ரீடுகளின் அடியில் பென்சிலால் 1 முதல் 4 வரை எழுதி, நாளுக்கு ஒன்றாக மாற்றி வாசிக்கிறேன். அன்றைய கோளாறு ரீடினாலா என்னாலா என்பது அடுத்த எண்ணை மாட்டியதும் தெரிந்துவிடும்.

குறிப்பிட்ட ஒரு ஸ்வரத்துக்குப் போகும்போது மட்டும் கீச்சிட்டால் விரலைப் பாருங்கள். கிளாரினெட்டின் துளைகளை விரல் நுனியால் மூடக் கூடாது, நுனிக்குச் சற்று உள்ளே இருக்கும் சதையால் மூட வேண்டும். வாசித்து முடித்ததும் விரல்களைத் திருப்பிப் பாருங்கள்; துளையின் வட்டம் சதையின் நடுவில் முழுதாகப் பதிந்திருந்தால் நன்றாக மூடியிருக்கிறீர்கள். வட்டம் பாதியாகவோ ஓரமாகவோ இருந்தால் அந்த விரலில் காற்று கசிகிறது. பெரும்பாலும் வலது மோதிர விரல்தான் அகப்படும்.

எனக்கு அந்த வட்டமும் முழுதாக இருந்தது. ஆனாலும் இடது கை ஸ்வரங்களில் கீச்சு நிற்கவில்லை. ஆசிரியர் ஒரு காகிதத்தை விரல் அகலத்துக்குக் கிழித்து, மேல் குழலின் பக்கவாட்டுக் கீ ஒன்றின் பேடுக்கு (துளையை மூடும் சிறு மெத்தைக்கு) அடியில் செருகினார். "இப்போது வாசியுங்கள்" என்றார். நான்காவது ஸ்வரத்தில் கீச்சென்றது. காகிதம் தரையில் விழுந்தது. மறுபடி செருகினார், மறுபடி விழுந்தது. என் வலது ஆள்காட்டி விரலின் அடிப்பாகம் அந்தக் கீயை ஒட்டிக்கொண்டிருந்தது. விரலைத் தூக்கும்போதெல்லாம் எனக்கே தெரியாமல் கீயைத் திறந்துகொண்டிருந்தேன். இரண்டு மாதமாக உதட்டைத் திட்டிக்கொண்டிருந்தவனுக்கு, கையை ஒரு நெல் அளவு நகர்த்தியதே மருந்தாயிற்று. வீட்டில் தனியாகவே இதைச் செய்து பார்க்கலாம். வலப்பக்கத்தில் நான்கு பக்கவாட்டுக் கீகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். இடது ஆள்காட்டி விரல் ஏ கீயில் உராய்வதும் இதே வகைக் கோளாறுதான்.

ரீடும் விரலும் சரி என்றால் வாய்க்கு வருவோம். மவுத்பீஸை அளவுக்கு மேல் வாய்க்குள் தள்ளினால் கீச்சிடும். குறைவாக வைத்தால் சத்தம் மெலிந்து அடைபடும். அளவு தெரிய ஒரு வழி உண்டு. ரீடுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே மெல்லிய காகிதத்தை நுனியிலிருந்து மெல்லத் தள்ளுங்கள். எங்கே தடைபட்டு நிற்கிறதோ, ரீடு மவுத்பீஸை விட்டுப் பிரியத் தொடங்கும் இடம் அதுதான். கீழ் உதடு ஏறக்குறைய அங்கே இருக்க வேண்டும். மேல் பற்கள் மவுத்பீஸின் மேல், நுனியிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டரில். கன்னம் உப்பக் கூடாது. தாடை முன்பக்கம் தட்டையாக, உதட்டோரங்கள் மட்டும் உறுதியாக இருக்கட்டும்.

கீழ் ஸ்வரங்கள் முக்கி முனகி வருகின்றன

மேலே ஜி, எஃப், இ நன்றாக வந்து, கீழே போகப் போகச் சத்தம் இளைத்தால் எங்கோ காற்று கசிகிறது. அது விரலிலா வாத்தியத்திலா என்று அறிய மேல் குழலை மட்டும் தனியே கழற்றுங்கள். முன்புறத்து மூன்று துளைகளையும் பின்புறத்துக் கட்டைவிரல் துளையையும் மூடி, அடிவாயை மறு உள்ளங்கையால் அடைத்து, மேல்வாயிலிருந்து காற்றை உறிஞ்சுங்கள். குழல் உதட்டைப் பிடித்து இழுத்தபடி இரண்டு மூன்று விநாடி நிற்க வேண்டும். விடுவித்ததும் 'பக்' என்று ஒலிக்கும். உடனே தளர்ந்துவிட்டால் ஏதோ ஒரு பேடு சரியாக மூடவில்லை. கீழ்க் குழலுக்கும் இதையே செய்யலாம். சுண்டுவிரல் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

எந்தப் பேடு என்று கண்டுபிடிக்க மெல்லிய சிகரெட் தாளை வெட்டி ஒவ்வொரு பேடின் கீழும் வைத்து, மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். தாராளமாக வழுக்கி வரும் பக்கத்தில்தான் கசிவு. பேடு மாற்றுவது பழுது பார்ப்பவர் வேலை. நாம் தொட வேண்டாம். ஆனால் எந்தப் பேடு என்று சொல்லத் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஒரு கடையில் எல்லாப் பேடுகளையும் மாற்ற வேண்டும் என்று என்னிடம் சொன்னார்கள். உண்மையில் நான் மேல் குழலையும் கீழ்க் குழலையும் பூட்டும்போது நடுவில் இரண்டையும் பாலம்போல இணைக்கும் பாலக் கீ வளைந்திருந்தது, அவ்வளவுதான். பூட்டும்போது மேல் குழலின் விரல் துளையைச் சுற்றிய வளையத்தை அழுத்திப் பிடித்தால் பாலக் கீ மேலே எழும்பி நிற்கும்; அப்போது முறுக்கிச் சேர்த்தால் ஒன்றையொன்று இடிக்காது. இதை முதல் வகுப்பிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

ரிஜிஸ்டர் கீயை அழுத்தினால் எதிர்பார்த்த ஸ்வரம் வரவில்லை

மேல் ஸ்வரங்களுக்குத் தாவ இடது கட்டைவிரலால் அழுத்துவது ரிஜிஸ்டர் கீ. புல்லாங்குழலோ நாகஸ்வரமோ பழகிவிட்டுக் கிளாரினெட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் இங்கே நின்றுவிடுகிறார்கள். அவர்கள் விரலில் பிழை இல்லை. அந்த வாத்தியங்களில் அதே விரல்களை வைத்து மேலே எழுப்பினால் ஸட்ஜத்துக்கு மேல் ஸட்ஜம் வரும். கிளாரினெட் ஒரு பக்கம் அடைபட்ட, ஏறக்குறைய நேரான உருளைக் குழல்போல நடந்துகொள்கிறது. அதனால் மேல் ஸட்ஜத்தைத் தாண்டி, அதற்கும் மேலே இருக்கிற பஞ்சமத்தில் போய் நிற்கும். கீழ் இ-யில் ரிஜிஸ்டர் கீயை அழுத்தினால் பி, எஃப்-இல் சி, ஜி-யில் டி. ஒவ்வொரு விரல் அமைப்புக்கும் இரண்டு பெயர் உண்டு என்று மனத்தில் பதிய ஒரு மாதம் ஆகும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூரம்பர்க்கில் கிளாரினெட்டை உருவாக்கியவராகக் கருதப்படும் யோஹான் கிறிஸ்டோஃப் டென்னரின் காலத்திலிருந்தே இந்த வாத்தியத்தின் குணம் இதுதான்.

இதிலிருந்தே அடுத்த தொல்லை பிறக்கிறது: நடுவில் இருக்கும் ஏ, பி பிளாட் ஸ்வரங்களிலிருந்து பி-க்குத் தாண்டுவது. ஏ-யில் ஒரே ஒரு விரல்தான் வேலை செய்கிறது. அடுத்த பி-யில் எட்டு விரல்கள் ஒரே கணத்தில் மூட வேண்டும். ஒன்று பிந்தினாலும் உறுமல் அல்லது கீச்சு. இதற்குத் தாண்டுவதற்கு முன்பே தயாராக இருப்பதுதான் வழி. ஜி, ஏ, பி பிளாட் ஊதும்போதே வலது கை விரல்கள் துளைகளை மூடியபடியே இருக்கட்டும். அந்த ஸ்வரங்கள் கெடாது. தாண்டும்போது இடது கை மட்டும் இறங்கினால் போதும். இடது ஆள்காட்டி விரலை ஏ கீயிலிருந்து தூக்கி எடுக்காமல் உருட்டுங்கள். இடது கட்டைவிரலைச் சாய்வாக வைத்தால் துளையை விட்டு நகராமலே நுனியால் ரிஜிஸ்டர் கீயைத் தொட முடியும்.

மேலே போகும்போது கடிக்க வேண்டும் என்ற எண்ணம் விட்டுப்போக, வகுப்பில் ஒன்று செய்கிறோம். மாணவர் கண்ணை மூடிக் கீழ் இ-யை நீட்டி ஊதுவார். ஆசிரியர் பின்னால் நின்று, சொல்லாமல் ரிஜிஸ்டர் கீயை அழுத்திவிடுவார். உதடு, மூச்சு எதையும் மாற்றாமலே பி மலர்ந்து வரும். முதன்முறை அதைக் கேட்டவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். வீட்டில் யாரையாவது கூப்பிட்டு இப்படிச் செய்யச் சொல்லுங்கள். எழும்பாமல் நின்றால் நாக்கைப் பாருங்கள். 'ஈ' என்று சொல்லும்போது நாக்கின் பின்பகுதி உயர்ந்திருக்கிறதல்லவா, அந்த நிலை வேண்டும். சுடுகஞ்சியை ஆற்ற ஊதுகிறோமே, அந்தக் குளிர்ந்த, வேகமான, மெல்லிய காற்று போதும்.

ட்யூனர் வேறு ஸ்வரம் காட்டுகிறது

நீங்கள் சி ஊத, செயலி பி பிளாட் என்று காட்டினால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பி பிளாட் கிளாரினெட் எழுதிய ஸ்வரத்தைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே ஒலிக்கும். பாட்டுக்காரரோடும் ஹார்மோனியத்தோடும் சேரும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஸ்வரம் சரி, ஆனால் முள் மேலே நிற்கிறது என்றால் பேரலை ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுங்கள். கீழே நின்றால் பத்து நிமிடம் ஊதி வாத்தியத்தைச் சூடேற்றிய பிறகு பாருங்கள். ஏசி அறையில் இது நிச்சயம் நடக்கும். இன்னொன்றும் உண்டு: பலமாக ஊதினால் கிளாரினெட்டின் சுருதி இறங்கும், மெதுவாக ஊதினால் ஏறும். புல்லாங்குழலுக்கு நேர் எதிர். மெதுவாக ஊதும்போது ஏறுவதற்குக் கடிப்பும் ஒரு காரணம்.

விரல் அட்டவணை என் வாத்தியத்துக்குப் பொருந்தவில்லை

பழைய பேண்டு செட் கிளாரினெட் ஒன்றை மலிவாக வாங்கியவர்களுக்கு இது வரும். மேல் குழலின் வலப்பக்கத்துப் பக்கவாட்டுக் கீகளை எண்ணுங்கள். நான்கு இருந்தால் போம் முறை. இரண்டுதான் இருக்கின்றன, வலது சுண்டுவிரல் கீகளில் உருளைகள் இருக்கின்றன என்றால் அது ஆல்பர்ட் முறை எனப்படும் பழைய அமைப்பாக இருக்கலாம். போம் முறையைப் பாரிஸில் க்ளோசேயும் புஃபேயும் உருவாக்கி 1844-இல் காப்புரிமை பெற்றார்கள். இன்று கிடைக்கும் பாடநூல்கள் பெரும்பாலும் அதற்கானவை. ஆல்பர்ட் கிளாரினெட் கெட்டதல்ல, ஆனால் அதற்கு அதன் அட்டவணையும் அது தெரிந்த ஆசிரியரும் வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆசிரியருக்கு ஒரு படம் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

ஸ்வரங்கள் வழுக்கவில்லை, கமகம் வரவில்லை என்று கர்நாடக இசை படிப்பவர்கள் சொல்வதும் இதோடு சேர்ந்ததுதான். துளையிலிருந்து விரலை முழுவதும் எடுக்காமல், ஓரமாக மெல்ல உருட்டித் திறக்கப் பழக வேண்டும். துளையைச் சுற்றி வளையம் வைத்த கீகள் குறைந்த வாத்தியத்தில் அது எளிது. திருச்சியைச் சேர்ந்த ஏ.கே.சி. நடராஜன் இந்த வாத்தியத்தில் நாகஸ்வரத்தின் பாணியையே கொண்டுவந்தவர். 2008-இல் சங்கீத கலாநிதி, 2022-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் பதிவுகளைக் கேட்டால் கிளாரினெட்டால் வழுக்க முடியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

உதடு எரிகிறது, கட்டைவிரல் வலிக்கிறது

கீழ் உதட்டின் உட்புறத்தில் பல் பதிந்து புண்ணாகிறது என்றால் கடிக்கிறீர்கள். இதில் மறைக்க ஒன்றுமில்லை. அன்றைக்கு நிறுத்துங்கள். அவசரத்துக்கு மெல்லிய காகிதத்தை நனைத்து மடித்துக் கீழ்ப் பற்களின் மேல் வைக்கலாம், ஆனால் அது ஒரு வாரத்துக்கு மட்டும். மேல் பற்கள் அதிர்ந்து கூசினால் மவுத்பீஸில் ஒட்டும் சிறு ரப்பர் துண்டு கிடைக்கிறது; அதை வாங்குங்கள். ஒட்டியதும் பல் பயம் இல்லாமல் தாடை தானாகத் தளர்வதைப் பார்ப்பீர்கள்.

வலது கட்டைவிரல்தான் வாத்தியத்தின் பாரம் முழுவதையும் தாங்குகிறது. குழலின் பின்புறத்தில் இருக்கும் கட்டைவிரல் தாங்கி, நகத்தை ஒட்டிய பகுதியில் படட்டும். மூட்டைத் தாண்டி உள்ளே போனால் மணிக்கட்டு வரை வலிக்கும். நாற்பதைக் கடந்தவர்கள் தயங்காமல் கழுத்துப் பட்டி மாட்டிக்கொள்ளுங்கள். முதல் மாதம் 15 நிமிடம் வாசிப்பது, பிறகு இடைவெளி, மறுபடி 15 நிமிடம்.

வாசிக்கும்போது கொப்பளிக்கும் சத்தம்

துளையில் தண்ணீர் தேங்கிவிட்டது. அந்தத் துளையின் கீயைத் திறந்து, பலமாக ஒரு ஊது. சிகரெட் தாளை வைத்து ஒற்றியெடுங்கள். வாசித்து முடித்ததும் துணியை உள்ளே விட்டு இழுத்துத் துடைத்தால் இது அரிது. ரீடையும் கழற்றித் துடைத்துத் தட்டையான பெட்டியில் வையுங்கள். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் மவுத்பீஸிலேயே விட்டுவைத்த ரீடு சில நாட்களில் கரும்புள்ளி பூத்துவிடும். அப்படிப் பூத்ததை மறுபடி வாயில் வைக்காதீர்கள்.

பல ஆண்டு மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்தேன்

உடனே ஊதிவிடாதீர்கள். மூட்டுகளில் இருக்கும் கார்க் காய்ந்து சுருங்கியோ ஒட்டிக்கொண்டோ இருக்கும். பூட்டுவதற்கு முன் கார்க் கிரீஸ் தடவி ஊறவிடுங்கள். பிரிய மறுத்தால் இடுக்கி எடுக்காதீர்கள். பேடுகளின் மெல்லிய தோலைப் பூச்சி அரித்திருக்கும். மவுத்பீஸை வெந்நீரில் கழுவ வேண்டாம், கருப்பு ரப்பர் நிறம் மாறிவிடும். சாதாரணத் தண்ணீரும் மெல்லிய சோப்பும் போதும். மரக் கிளாரினெட் என்றால் முதல் இரண்டு வாரம் நாளுக்கு 15 நிமிடத்துக்கு மேல் ஊதாதீர்கள். உள்ளே ஈரமும் வெளியே வறட்சியுமாக இருக்கும்போதுதான் கருமரம் விரிசல் விடும். மரமானாலும் பிளாஸ்டிக்கானாலும் வெயிலில் நிற்கும் காரில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

வீட்டில் வருகிறது, வகுப்பில் வரவில்லை

இது கற்பனை அல்ல. வழியில் ரீடு காய்ந்திருக்கும், வகுப்பறை ஏசியில் குளிர்ந்திருக்கும். ஆசிரியர் எதிரே உட்கார்ந்ததும் மூச்சு மேலேறித் தாடையும் இறுகிவிடும். மூன்று மாதம் இப்படியே பாடத்தின் முதல் கால் மணி வீணானது. இப்போது பத்து நிமிடம் முன்பே போய்விடுகிறேன். மாடிப்படியில் உட்கார்ந்து, ரீடை வாயில் ஊறவைத்தபடியே குழல்களைப் பூட்டுகிறேன். நோட்டைத் திறந்து அந்த வாரம் எந்த ஸ்வரத்தில், எந்த ரீடில், எத்தனை நிமிடத்துக்குப் பின் கோளாறு வந்தது என்று ஒருமுறை படித்துக்கொள்கிறேன். பிறகு கீழ் ஜி-யை எட்டு எண்ணிக்கைக்கு, மெதுவாக, நான்கு முறை.